நான்கரை மணிக்குப் பிறகு நடக்கும் பள்ளி

தாம்பரம், ஆவடி, குன்றத்தூர் எனச் சென்னைப் புறநகரின் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் மாலை நான்கரைக்கு மேல் பெரும்பாலான வகுப்பறைகள் பூட்டிக் கிடக்கும். பத்தாம் வகுப்பிலும் பிளஸ் டூவிலும் மட்டும் விளக்கு எரியும். அங்கே ஸ்பெஷல் கிளாஸ் நடக்கிறது. இதைப் பிள்ளைகளை வதைக்கும் வேலை என்று ஒரே வரியில் ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இந்தப் பள்ளிகளில் படிக்கும் பலரின் வீடு ஒற்றை அறை. அப்பா கட்டட வேலையிலோ கம்பெனி ஷிஃப்ட்டிலோ இருப்பார். அம்மா நாலு வீட்டு வேலை முடித்து வர இருட்டிவிடும். புத்தகத்தை விரித்து உட்கார இடமும் கிடையாது, சந்தேகம் கேட்க ஆளும் கிடையாது. காசு கொடுத்து டியூஷன் போக முடியாத பிள்ளைக்கு அந்த வகுப்பறைதான் டியூஷன். நின்று நடத்தும் ஆசிரியருக்கு இதற்கென்று தனிச் சம்பளம் பெரும்பாலும் இல்லை. பத்தாம் வகுப்பில் தவறினால் படிப்பே நின்றுபோகும் குடும்பங்கள் நிறைய. ஃபெயிலான பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கும் வீடுகள் இன்றும் உண்டு. எனவே பாஸாகத் தேவையான 35 மதிப்பெண்ணை நான் அற்பமாக நினைக்கவில்லை.

சிக்கல், அந்த 35 எப்படிக் கிடைக்கிறது என்பதில் இருக்கிறது. பத்தாம் வகுப்புக் கணிதத்தையே எடுத்துக்கொள்வோம். ஜாமெட்ரிக்கும் கிராஃபுக்கும் தலா 8 மதிப்பெண். ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. இரண்டையும் கூட்டினால் 30. இன்னும் மூன்று இரண்டு மதிப்பெண் கணக்குகளைப் போட்டுவிட்டால் 36. ‘மெல்லக் கற்போர்’ பட்டியலில் உள்ளவர்களுக்கு இதற்கென்றே மினிமம் மெட்டீரியல் தயார். வட்டத்துக்குத் தொடுகோடு வரையும் வரிசையைக் கை பழகும்வரை வரைய வைப்பார்கள். புக் பேக் ஒரு மதிப்பெண் விடைகளை ஒப்பிக்க வைப்பார்கள். மார்ச்சுக்குள் அந்த மாணவன் அளவுகோலையும் காம்பஸையும் பிசகாமல் கையாள்கிறான். ஆனால் தொடுகோடு ஆரத்துக்கு ஏன் செங்குத்தாக நிற்கிறது என்று கேட்டால் விழிக்கிறான். மூன்றில் ஒரு பங்கும் நான்கில் ஒரு பங்கும் சேர்ந்தால் எவ்வளவு என்பதும் அவனுக்குத் தெரியாது. ஆறாம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோ விட்டுப்போன பின்னம் அது. எட்டுவரை ஆல் பாஸ் என்பதால் அந்த ஓட்டை யார் கண்ணிலும் படவில்லை. அதே மாணவன் பாலிடெக்னிக்கில் முதல் செமஸ்டர் கணக்குத் தாளில் அரியர் வைக்கும்போது அவனை ‘படிக்காதவன்’ என்கிறோம். இது அநியாயம்.

ஆசிரியரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. பொதுத் தேர்வில் முதல் மூன்று இடப் பட்டியலை அரசு 2017-இல் நிறுத்தியது, நல்ல முடிவு. ஆனால் மாவட்டத் தேர்ச்சி விழுக்காட்டு வரிசை இன்னமும் ரிசல்ட் அன்று வெளிவருகிறது. பிறகு ஆய்வுக் கூட்டத்தில் ஒவ்வொரு ஹெச்.எம்-மும் பாடவாரியாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் கேள்விக்கு அஞ்சி முதலில் பலியாவது பி.இ.டி. பீரியட். அடுத்து ஓவியம், நூலகம். மாநிலம் முழுக்க 2022 முதல் நடக்கும் கலைத் திருவிழாவுக்குக்கூடப் பத்தாம் வகுப்பு மாணவரை ஒத்திகைக்கு விடத் தயங்குகிறார்கள். பறையடிக்கவோ கபடி ஆடவோ பள்ளியை விட்டால் வேறு வாய்ப்பில்லாத பிள்ளைகள் இவர்கள்.

பசியைப் பற்றி ஏனோ யாரும் பேசுவதில்லை. சத்துணவு பத்தாம் வகுப்போடு முடிகிறது. பிளஸ் டூ மாணவி காலையில் எதையோ மென்றுவிட்டு வந்து ஆறு மணிவரை உட்கார்ந்திருக்கிறாள். சில பள்ளிகளில் ஆசிரியர்களே பணம் சேர்த்துச் சுண்டலோ பிஸ்கட்டோ கொடுக்கிறார்கள். பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு விளக்கில்லாத தெருவில் நடக்க வேண்டிய பெண்களைப் பாதியிலேயே அனுப்பிவிடுவதால், அவர்களுக்கு அந்த ஒன்றரை மணி நேரமும் முழுதாகக் கிடைப்பதில்லை.

மாலை வகுப்பு இருக்கட்டும். அதை எட்டாம் வகுப்பிலேயே தொடங்கி, பின்னமும் வாசிப்பும் விட்டுப்போனவர்களுக்கு வாரம் மூன்று நாள் மட்டும் நடத்தலாம். அந்த நேரத்துக்கு ஆசிரியருக்கு ஊதியமும் மாணவருக்குச் சிற்றுண்டியும் அரசே தரவேண்டும். ஆய்வுக் கூட்டத்தில் எத்தனை பேர் பாஸ் என்று கேட்கும் அதிகாரி, எட்டாம் வகுப்பில் எத்தனை பேருக்கு வகுத்தல் வரும் என்பதையும் கேட்கட்டும்.