மானனீகையும் சாகரிகையும்: அரசியின் பணிமகள் பற்றிய ஒரு நோக்கு

அகத்திணைத் தோழியைப் பற்றி நம் ஆய்வாளர் எழுதியவை மிகப் பல. களவுக்கும் கற்புக்கும் இடையே பாலமாக நிற்கும் அவளின் சொல்வன்மை பலகாலும் பேசப்பட்டுள்ளது. ஆனால், அரண்மனையில் அரசிக்கு அணி செய்து, அவள் முகக்குறிப்பறிந்து ஒழுகும் உயர்குடிப் பணிமகள் நம் திறனாய்வில் ஓரத்திலேயே நிற்கின்றாள். அத்தகையோருள் பெருங்கதையின் மானனீகையையும் வடமொழி இரத்தினாவலி நாடகத்தின் சாகரிகையையும் ஒருங்குவைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இருவரும் உதயணன் கதையைச் சார்ந்தவர்கள். இருவரும் அரசன் மகளிர். பிறப்பை மறைத்து வாசவதத்தைக்குப் பணிபுரிபவர்கள். பைசாச மொழியிற் குணாட்டியர் இயற்றியதாகக் கூறப்படும் பிருகத்கதையின் வழிவந்த கதைமரபைக் கொங்குவேளிர் தமிழிற் பாடினார். முதலும் இறுதியும் கிடைக்காத அந்நூலை உ. வே. சாமிநாதையர் 1924இல் பதிப்பித்தார். ஏழாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆண்ட ஹர்ஷவர்த்தனரின் பெயரால் இரத்தினாவலி வழங்குகின்றது.

மானனீகையின் வரலாறு வத்தவ காண்டத்தில் வருகின்றது. கோசல மன்னன் மகளாகிய அவள் போரிற் சிறைப்பட்டு, வாசவதத்தையின் ஆயத்துள் ஒருத்தியாகின்றாள். பந்தாட்டத்தில் ஏனைய மகளிரை எல்லாம் விஞ்சும் அவளை உதயணன் மறைந்திருந்து காண்கின்றான். பின்னர் அரசிக்கு ஒப்பனை செய்வான் போல அவள் முகத்தில் யவன எழுத்தால் தன் கருத்தை எழுதிவிடுகின்றான். அரசிக்கு அவ்வெழுத்துத் தெரியாது. அவளுக்கு ஒப்பனை செய்யும் மானனீகைக்குத் தெரியும். அதனைப் படித்து அழித்து, அதே முகத்தில் மறுமொழி எழுதுகின்றாள் அவள்.

இதனை அரசனின் காதற் குறும்பாக மட்டும் கண்டு நகைத்துச் செல்லுதல் எளிது. நாம் அவ்வாறு செல்வதற்கில்லை. இங்கே ஏவுபவளுக்குத் தெரியாத கல்வி ஏவல் கேட்பவளிடம் இருக்கின்றது. அரசியின் முகமே ஓலையாகி, அவள் அறியாத செய்தியை அவளே சுமந்து திரிகின்றாள். ஆள்பவளுக்கும் பணிபவளுக்கும் உரிய நிலை எழுத்தறிவு என்னும் ஒன்றால் தலைகீழாகின்றது. எனினும் அந்த வெற்றி மானனீகைக்கு விடுதலை தரவில்லை என்பதையும் கொங்குவேளிர் மறைத்தாரல்லர். செய்தி வெளிப்பட்டதும் அரசி அவளைத் தூணிற் பிணித்துக் கூந்தலைக் கொய்யுமாறு பணிக்கின்றாள். தொடங்கி வைத்த அரசனுக்கோ தண்டனை இல்லை. அமைச்சரையும் தோழரையும் ஏவிக் காலந்தாழ்த்த முயல்வதே அவன் செய்யக்கூடியதாகின்றது.

அவ்வேளையிற் கோசல மன்னனின் திருமுகம் வருகின்றது. பணிமகள் அரசகுமாரி என்பதும், தனக்கு உறவுமுறையால் தங்கை என்பதும் அரசிக்குப் புலனாகின்றன. கட்டு அவிழ்கின்றது, இரக்கம் பிறக்கின்றது, மணமும் நிகழ்கின்றது. ஈண்டு ஒரு வினா எழுகின்றது. திருமுகம் வாராதிருப்பின் யாது நிகழ்ந்திருக்கும்? அவளோடு சிறைப்பட்டு வந்து, தமக்கென ஓலை எழுதத் தந்தையர் இல்லாத ஏனைய மகளிரின் கூந்தலுக்கு யார் பொறுப்பு? காவியம் இதற்கு விடை கூறவில்லை.

இரத்தினாவலியின் தலைவி சிங்கள நாட்டு அரசன் விக்கிரமபாகுவின் மகள். கலம் உடைந்து கடலில் மிதந்தவளை வணிகன் ஒருவன் மீட்கின்றான். கடலிற் கிடைத்தமையாற் சாகரிகை எனப் பெயர்பெற்று அவளும் வாசவதத்தையின் பணிமகளாகின்றாள். அவளும் அரசியின் சினத்துக்கு ஆளாகி விலங்கிடப்படுகின்றாள். இறுதியில் இரத்தினமாலை ஒன்று அவளை அடையாளங் காட்டுகின்றது. ஆனால், அதற்கு முன்னரே மாயவித்தைக்காரன் எழுப்பிய தீ அந்தப்புரத்தைச் சூழும்போது, தான் விலங்கிட்டு வைத்த சாகரிகையைக் காப்பாற்றுமாறு அரசியே அரசனை வேண்டுகின்றாள். அப்போது அவள் யார் மகள் என்பது அரசிக்குத் தெரியாது. பெருங்கதையில் இரக்கம் திருமுகத்தின் பின்னே வருகின்றது. இரத்தினாவலியில் மாலைக்கு முன்னே வருகின்றது. இவ்வொரு வேறுபாட்டால் வடமொழி அரசி உயர்ந்து நிற்கின்றாள் என்பது நம் துணிபு. பணிமகளின் கல்வியைக் காட்டிய வகையிலோ கொங்குவேளிரே விஞ்சி நிற்கின்றார்.

இக்கதைகள் கிழக்கிலங்கைக்குப் புறம்பானவையல்ல. நிந்தவூருக்கு வடக்கே அடுத்துள்ள காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் தம் மதங்க சூளாமணியில் வடமொழித் தசரூபகத்தின் நாடக இலக்கணத்தை எடுத்தாண்டார். அவ்விலக்கணத்துக்கு உரைகண்டோர் பெரிதும் மேற்கோளாகக் கொண்ட நாடகம் இரத்தினாவலியே. நிந்தவூர் முதலிய ஊர்களின் வழக்கைக் கொண்டு நோக்கின் வேறொன்றும் புலனாகும். இங்கு முஸ்லிம்களிடையேயும் தமிழரிடையேயும் குடி தாய்வழியே வருவது. வயிற்றுவார் என்பது அதன் பெயர். வாசவதத்தைக்குச் சாகரிகை தாய்மாமன் மகள். நாடகம் அவளைத் தங்கை என்கின்றது; நம்மூர்ப் பெண் அவளை மச்சாள் என்றே அழைப்பாள், வேறு குடியினள் என்றும் கொள்வாள். தந்தையின் பெயரால் மட்டும் அவளை மீட்கும் நாடகத்தில் அவள் தாயின் குடி எது என்று எவரும் வினவவில்லை.

1970களின் இறுதி தொட்டு இலங்கையின் பல ஊர்களிலிருந்தும், இக்கரையோர ஊர்களிலிருந்தும், பெண்கள் மத்திய கிழக்கு நாடுகளின் மனைகளுக்குப் பணிப்பெண்களாகச் சென்றுள்ளனர். அவர்களுள் எழுதப் படிக்கத் தெரிந்தோர் பலர். தம் வீட்டில் தாமே தலைவியராய் இருந்தோரும் பலர். அங்கே அவர்கள் யார் மகள், எக்குடி என்பது எவருக்கும் தெரியாது. அவர்களுக்காகத் திருமுகம் எழுத மன்னரும் இலர். கழுத்தில் இரத்தினமாலையும் இல்லை. ஆதலால், அரசகுமாரி என்று தெரிந்தபின் கட்டவிழ்க்கும் அறம் நமக்குப் போதாது. பிறப்பறியாமலே தீயினின்று மீட்க விழையும் அறமே வேண்டற்பாலது.

மானனீகையின் கதை மணத்தோடு நிறைவுறுகின்றது. அவளோடு பந்தாடிய ஏனைய பணிமகளிரின் கதை இன்னும் எழுதப்படவில்லை. அதனைத் தேடுவது நம் திறனாய்வின் கடனாகும்.