பத்து நாள் லீவும் எட்டு நாள் வேலையும்

எட்வர்ட் தாமஸின் 'இன் பர்சூட் ஆஃப் ஸ்பிரிங்' புத்தகத்தை யாராவது சிபாரிசு செய்தால் கூடவே ஒரு படமும் போடுகிறார்கள். பச்சைக் குன்று, இரண்டு பக்கமும் உயிர்வேலி, நடுவே ஆளில்லாத ஒற்றைத்தடச் சாலை, கேட்டில் சாய்த்து வைத்த சைக்கிள். கீழே 'அவசரப்படாமல் வாழுங்கள்' என்கிற மாதிரி ஒரு வரி. அந்தப் படத்தை நம்பித்தான் நானும் புத்தகத்தை எடுத்தேன். முடித்தபோது கொஞ்சம் ஏமாற்றம். ரொம்ப நாள் கழித்து ஒரு சந்தேகம் வந்தது. அவசரமே இல்லாத ஆள் எழுதிய புத்தகமா இது?

விஷயம் எளிமையானது. 1913 மார்ச் 21, புனித வெள்ளி. தென் லண்டனில் இருக்கும் பெற்றோர் வீட்டிலிருந்து தாமஸ் சைக்கிளில் கிளம்புகிறார். கில்ட்ஃபோர்டு, சாலிஸ்பரி சமவெளி, டிரோபிரிட்ஜ், ஷெப்டன் மாலட், பிரிட்ஜ்வாட்டர் என்று மேற்கே போய், சாமர்செட்டின் குவாண்டாக் குன்றுகளில் முடிக்கிறார். எட்டு நாள். குளிர்காலம் போய் வசந்தம் வருகிற இடத்தை வழியில் எங்காவது நேரில் பார்த்துவிட வேண்டும், அதுதான் திட்டம். அடுத்த ஆண்டே புத்தகம் வந்துவிட்டது. அப்போது அவருக்கு 35 வயது. மனைவி, மூன்று குழந்தைகள். மாதச் சம்பளம் கிடையாது. மதிப்புரை எழுதுவது, பதிப்பகத்துக்குத் தேவைப்படுகிற புத்தகத்தை எழுதிக் கொடுப்பது, இதில்தான் குடும்பம் ஓடியது. நம் பாஷையில் சொன்னால் இந்தப் பயணம் லீவு இல்லை, ப்ராஜெக்ட். டெலிவரி தேதியோடு வந்த வசந்தம்.

இதை மனதில் வைத்துக்கொண்டு மறுபடி படித்தால் புத்தகத்தின் குறைகளுக்கு வேறு அர்த்தம் வருகிறது. ஐந்தாவது அத்தியாயம் முழுக்க மூன்று வெஸ்ஸெக்ஸ் கவிஞர்கள்: ஸ்டீபன் டக், வில்லியம் பார்ன்ஸ், தாமஸ் ஹார்டி. சைக்கிள் எங்கே நிற்கிறது என்றே தெரியாது. தாமஸ் நல்ல விமர்சகர், அந்தப் பக்கங்கள் தனிக் கட்டுரையாக வந்திருந்தால் விரும்பிப் படித்திருப்பேன். இங்கே அவை பக்கத்தை நிரப்பத்தான் வந்திருக்கின்றன. தேவாலயங்களில் நின்று கல்லறை வாசகங்களைப் பார்த்து எழுதுகிற இடங்களும் அப்படித்தான். ரசிகர்கள் இதையெல்லாம் 'நிதானம்' என்கிறார்கள். எனக்கு இது டைம்ஷீட் நிரப்புகிற ஆளின் கை மாதிரி தெரிகிறது. அந்தக் கையை எனக்கு நன்றாகத் தெரியும்.

உண்மையான லீவு எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் 17 வருஷம் பின்னால் போகணும். 1896-இல் எச்.ஜி. வெல்ஸ் எழுதிய 'தி வீல்ஸ் ஆஃப் சான்ஸ்' நாவலின் ஹூப்டிரைவர், லண்டன் பட்னியில் ஜவுளிக்கடைச் சிப்பந்தி. தாமஸ் கிளம்பிய இடத்துக்கும் பட்னிக்கும் சில மைல் தூரம்தான். இவனும் கில்ட்ஃபோர்டு வழியாகத்தான் போகிறான். ஆண்டுக்கு ஒருமுறை கிடைக்கிற பத்து நாள் விடுமுறை. கையில் ஒரு பழைய, கனமான சைக்கிள்.

வெல்ஸ் நாவலைத் தொடங்குகிற விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கவுன்டருக்குப் பின்னால் பணிவாக நிற்கிற இளைஞனை அறிமுகப்படுத்திவிட்டு, நேராக அவன் கால்களுக்கு இறங்கிவிடுகிறார். முழுக்கக் காயம், சிராய்ப்பு, கன்றிப்போன இடங்கள். ராத்திரிகளில் சைக்கிள் கற்றுக்கொண்டதன் தடயம். கவுன்டருக்கு மேலே தெரிகிற பாதி முதலாளிக்கும் வாடிக்கையாளருக்கும் சொந்தம், கீழே இருக்கிற பாதிதான் அவனுக்கு. சின்ன வயதில் சவுத்ஸீ ஊரில் ஜவுளிக்கடைப் பயிற்சியாளாக இரண்டு வருஷம் நின்றவர் வெல்ஸ். வெளியிலிருந்து பார்த்து இதை எழுத முடியாது.

கிளம்பிய காலையில் ஹூப்டிரைவருக்கு வருகிற சந்தோஷம் இயற்கைக் காட்சியால் வந்ததில்லை. இந்த நேரத்துக்குக் கடையில் என்ன நடந்துகொண்டிருக்கும் என்று அவனுக்குத் தெரியும், அங்கே அவன் இல்லை. அவ்வளவுதான். பிறகு ஒரு பெண், அவளை ஏமாற்றி அழைத்துப் போகிற ஒருவன், துரத்தல் என்று கதை கொஞ்சம் நாடகத்தனமாகப் போகிறது. தான் யார் என்பதை மறைத்து அவன் அவளிடம் விடுகிற பொய்கள் சிரிப்பாகவும் இருக்கும், சங்கடமாகவும் இருக்கும். ஆனால் நாள் குறையக் குறைய, பையில் காசும் குறையக் குறைய, தெற்கு இங்கிலாந்தின் மேடு பள்ளம் ஒவ்வொன்றுக்கும் விலை ஏறிக்கொண்டே போகிறது. தாமஸின் புத்தகத்தில் இந்தக் கணக்கு மறைந்து கிடக்கிறது. வெல்ஸ் அதைக் கவுன்டர் மேலேயே எடுத்து வைத்துவிடுகிறார்.

ஆளில்லாத சாலைப் படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த இருவர் காலத்திலும் அமைதியைத் தேடி யாரும் சந்து பொந்துக்குள் நுழைய வேண்டியிருக்கவில்லை. ஊரிலிருந்து ஊருக்குப் போகிற பெரிய சாலையே சைக்கிளுக்குப் போதுமான அளவு காலியாக இருந்தது. கில்ட்ஃபோர்டுக்கு மேற்கே ஹாக்ஸ் பேக் என்ற நீண்ட முகடு, அதன் மேலே போகிற சாலை இன்று ஏ31, லாரிகள் பறக்கிற இரட்டைவழி நெடுஞ்சாலை. அங்கே சைக்கிளில் போய்ப் பாருங்கள், வசந்தம் இல்லை, ஹாரன்தான் வரும். 'குவயட் லேன்' என்பதை ஒரு தனி வகைச் சாலையாக அறிவிக்க 2000-ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டத்தில் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். சட்டம் போட்டுக் காப்பாற்றுகிற அமைதிக்கும் தாமஸ் கேட்ட அமைதிக்கும் சம்பந்தம் குறைவு.

சரி, புத்தகத்தில் மிஞ்சுவது எது? எனக்கு, 'மற்ற மனிதன்'. மழைக்கு ஒதுங்குகிற நேரத்தில் தாமஸ் ஒரு பறவைக் கடையில் இவனைப் பார்க்கிறார். இவன் ஒரு கூண்டுப் பறவையை விலைக்கு வாங்கி, வெளியே கொண்டுபோய்ப் பறக்கவிடுகிறான். பிறகு வழியில் திரும்பத் திரும்ப எதிர்ப்படுகிறான். இவனுக்குக் கட்டடங்களின் உச்சியில் இருக்கும் காற்றுத்திசைகாட்டிகள் மேல் பைத்தியம், நின்று நின்று படம் வரைகிறான். களிமண் புகைக்குழாய்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை. தானும் எழுத்தாளன்தான் என்று ஒப்புக்கொள்கிறான், பார்க்கிறதையெல்லாம் நோட்டில் குறித்துக்கொள்கிற பழக்கத்தைப் பற்றிப் புலம்புகிறான். தாமஸுக்கு அவனைக் கண்டால் எரிச்சல். வேறு யார்? அவரேதான்.

பயணநூலுக்குள் இப்படி ஒரு இரட்டையைக் கொண்டுவருவது அந்த வகை எழுத்துக்கே ஆபத்தானது. 'நான் பார்த்தேன்' என்று எழுதுகிற ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் நின்று, 'பார்த்தாயா, இல்லை குறித்துக்கொண்டாயா?' என்று ஒருவன் கேட்கிறான். நிதானத்தைப் புகழ்கிற சிபாரிசுகளில் இவனைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. இவன் இருந்தால் படம் கெட்டுவிடும்.

ஆன்சைட்டில் இருந்த வருஷத்தில், ஒரு வார இறுதியில் குவாண்டாக் போனேன். டான்டன் வரை ரயில், அங்கிருந்து சைக்கிள். அந்தச் சாலைகளில் முதலில் தெரிய வேண்டியது, அங்கே ஒன்றும் தெரியாது என்பதுதான். மண்கரையும் உயிர்வேலியும் தலைக்கு மேலே நிற்கும். வேலியில் கேட் வரும் இடத்தில் மட்டும் இரண்டு விநாடிக்கு ஒரு பள்ளத்தாக்கு, ஆடுகள், கொஞ்சம் கடல். மறுபடி இலைச்சுவர். எதிரே டிராக்டர் வந்தால் சைக்கிளோடு முள்ளுக்குள் ஒதுங்க வேண்டியதுதான். க்ரோகம் கிராமத்திலிருந்து மேலேறுகிற சாலையில் 25 சதவீதம் என்று பலகை இருக்கிறது. கணக்குப் போட்டால், ஆளும் சைக்கிளும் பையுமாக 90 கிலோ, பத்து சதவீத ஏற்றத்தில் நடக்கிற வேகத்தில் போனாலே புவியீர்ப்பை எதிர்க்க மட்டும் 120 வாட் தேவை. இங்கே அதைப்போல இரண்டரை மடங்கு. நான் இறங்கித் தள்ளினேன். தள்ளும்போதுதான் வேலிக்குள் என்னென்ன செடி இருக்கிறது என்றே கண்ணில் பட்டது.

மேலே போய்ப் பார்த்தால் போன் பேட்டரி செத்திருந்தது. ஏறினது எதுவும் பதிவாகவில்லை. உண்மையைச் சொல்கிறேன், முதலில் வந்த எண்ணம் காட்சியைப் பற்றியது இல்லை. 'அப்ப இது கணக்குல வராதா?' என்பதுதான். கணக்குக் கேட்க யாரும் இல்லாத சனிக்கிழமை அது. மற்ற மனிதன் எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான், புத்தகத்தில் இல்லை.

இந்தப் புத்தகம் வந்த காலத்தில் தாமஸுக்கு ராபர்ட் ஃப்ராஸ்டின் நட்பு கிடைத்தது. இதன் சில பகுதிகளைச் சுட்டிக்காட்டி, இதையே செய்யுளாக எழுது என்று ஃப்ராஸ்ட் தூண்டினார். 1914 டிசம்பரில் கவிதைகள் தொடங்கின. தீர்ப்பு சரியானதுதான். ஆனால் அதை வைத்து இந்த உரைநடையைக் கவிதைக்கு முந்தைய ஒத்திகையாக மட்டும் படிப்பது நியாயமில்லை. பக்கம் நிரப்ப வேண்டிய கட்டாயமும், நோட்டுப் புத்தகத்தின் மேல் வந்த வெறுப்பும், எதிர்காற்றும் ஒரே பத்தியில் மோதுகிற இடங்கள் இதில்தான் இருக்கின்றன.

கடைசி அத்தியாயத்தின் தலைப்பு 'குளிர்காலத்தின் கல்லறை'. குவாண்டாக்கின் கோதல்ஸ்டன் குன்றில் தாமஸ் தேடி வந்தது கிடைத்துவிடுகிறது. எப்படி என்றால், யாரோ பறித்து அங்கேயே போட்டுவிட்டுப் போன புளூபெல்லும் கவ்ஸ்லிப் பூக்களுமாக. எட்டு நாள் மிதித்து வந்த ஆளுக்கு முன்னாலேயே வேறு யாரோ வசந்தத்தைப் பார்த்து, கையில் எடுத்து, சலித்துப்போய்க் கீழே போட்டிருக்கிறார்கள். அவர்கள் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டார்கள்.

நான்கு வருஷம் கழித்து, 1917 ஏப்ரல் 9, இன்னொரு ஈஸ்டரின் மறுநாள், அராஸ் போர்முனையில் தாமஸ் கொல்லப்பட்டார். ஹூப்டிரைவருக்கு அப்படி எதுவும் நடப்பதில்லை. பத்தாவது நாள் முடிந்து அவன் பட்னிக்குத் திரும்புகிறான், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடையின் பின்வாசல் வழியாக உள்ளே போகிறான்.