அழுவதற்கு ஒரு குளம்

ரூத் ஸ்டைல்ஸ் கானட் 1948-இல் எழுதிய 'மை ஃபாதர்ஸ் டிராகன்' கதையை ரெட்டியார்சத்திரத்துப் பிள்ளைகள் சிலருக்குத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். அவர்களை முதலில் சிரிக்கவைத்தது டிராகன் இல்லை, அப்பா! சாகசம் செய்யும் சிறுவன் எல்மரைக் கதைசொல்லி கடைசிவரை 'என் அப்பா' என்றே குறிப்பிடுகிறார். தெருப்பூனைக்குப் பால் வைத்ததற்காக அப்பா அம்மாவிடம் அடி வாங்குகிறார். வீட்டுக்குத் தெரியாமல் கப்பலேறுகிறார். கேட்கிற பிள்ளை தன் வீட்டு அப்பாவை அங்கே வைத்துப் பார்க்காமல் இருக்குமா?

காட்டுத்தீவில் கட்டிவைக்கப்பட்ட டிராகன் குட்டியை மீட்கப் போகிறவன் பையில் மந்திரவாள் கிடையாது. பல்துலக்கும் பிரஷ், பற்பசை, சீப்பு, ஏழு ரிப்பன், ஆறு பூதக்கண்ணாடி, குச்சிமிட்டாய், ரப்பர்பேண்டு. ஏதோ பெட்டிக்கடைச் சாமான் என்று நினைத்தால், ஒவ்வொன்றுக்கும் ஒரு மிருகத்தின் கவலை காத்திருக்கிறது. கொம்பு பழுப்பேறிவிட்டதே என்று அழும் காண்டாமிருகத்துக்கு அழுவதற்கென்றே சொந்தமாக ஒரு குளம்! சிங்கத்துக்கோ அம்மா வரப்போகிற பயம்: பிடரி சிக்குப் பிடித்திருப்பதைப் பார்த்தால் கைச்செலவுக் காசை நிறுத்திவிடுவாள். ரிப்பனும் சீப்பும் கிடைத்ததும் அது எல்மரைத் தின்ன மறந்துவிடுகிறது. பயங்கரத்தைக் குறைக்காமல், அதற்குள் ஒரு வீட்டுத் தொல்லையை வைத்துவிடுகிறார் கானட். இந்த இரண்டு அத்தியாயங்களுக்காகவே புத்தகத்தை வாங்கலாம்.

எல்மர் வழியில் உரித்துப்போடும் ஆரஞ்சுத் தோலைக் கண்டு இரண்டு காட்டுப்பன்றிகள் துப்பறிகின்றன. கீழ்ப்பழனி மலைக் கமலா ஆரஞ்சைத் தின்று வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

படங்கள் கானட்டின் சிற்றன்னை ரூத் கிரிஸ்மன் கானட் வரைந்தவை. உள்ளே எல்லாம் கறுப்பு வெள்ளை. டிராகனின் மஞ்சள்-நீலப் பட்டைகளும் பொன்னிறச் சிறகும் எழுத்தில்தான் இருக்கின்றன. நிறம் பூசுவது பிள்ளையின் வேலை. அதுவும் அந்தக் குட்டி முகம் காட்டுவது ஏறக்குறைய கதை முடியும்போதுதான். "டிராகன் எப்ப வரும்?" என்று ஒருத்தி நச்சரித்துக்கொண்டே இருந்தாள். அந்த நச்சரிப்புதான் கதையை ஓட்டுகிறது.

ஆற்றைக் கடக்க, எல்மர் ஒரு முதலையின் வாலில் குச்சிமிட்டாயை ரப்பர்பேண்டால் கட்டி அடுத்த முதலையின் வாயில் கொடுக்கிறான். அப்படியே வரிசையாகப் பாலம் அமைகிறது. துரத்திவந்த மிருகங்களெல்லாம் அதன்மேல் ஏறிய பிறகு, முதல் முதலை கரையை விட்டு நடு ஆற்றில் நீந்தத் தொடங்குகிறது.