பழைய ஹெட்டுக்குப் புதுப் பெயிண்ட்

பழைய இன்ஜின் ஹெட்டைக் கம்மி செலவில் ரெடி பண்ணுவதில் தப்பே இல்லை. ஒழுங்காகப் பார்த்தால் வார்ப்பிரும்பு ஹெட் பல தடவை உயிர் பெறும். என் குறை வேறு. பார்ட்ஸில் காசை மிச்சம் பிடிக்கலாம். அளந்து பார்ப்பதில் பிடிக்கக் கூடாது. ‘பட்ஜெட் வேலை’ என்ற பெயரில் நடப்பது இதற்குத் தலைகீழ்.

அரிமளம் மாதிரி ஊரில் இது சின்ன விஷயமில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தின் இந்தப் பக்கம் மழையையும் கண்மாயையும் நம்பி இருப்பது. மழை விழுந்து மண் பதமாக இருக்கிற சில நாளுக்குள் உழுதாக வேண்டும். அப்போது டிராக்டர் படுத்துவிட்டால், ஹெட் வேலைக்குக் கொடுத்த காசை விடப் பெரிய நஷ்டம் வயலில் நிற்கும். உதாரணத்துக்கு மாஸி ஃபெர்குசன் 1035-ஐ எடுத்துக்கொள்வோம். சென்னை சிம்சன் கம்பெனியின் 3 சிலிண்டர் டீசல் இன்ஜின், ஹெட்டில் 6 வால்வு.

மலிவு வேலை இப்படித்தான் போகும்: ஹெட்டை இறக்கு, கரியைச் சுரண்டு, பேஸ்ட் வைத்து வால்வை அரை, புது கேஸ்கட் போட்டு ஏற்று, மேலே சில்வர் பெயிண்ட். பார்க்க ஜம்முனு இருக்கும். ஆனால் ‘இந்த ஹெட் தேறுமா?’ என்ற கேள்வியே இதில் இல்லை. ஓவர் ஹீட் ஆன ஹெட்டில் இரண்டு வால்வு சீட்டுக்கு நடுவே விரிசல் விழுவது சகஜம். நன்றாகக் கழுவி, மண்ணெண்ணெய் தடவி, சற்று நேரம் கழித்துத் துடைத்துவிட்டு சாக்பீஸ் தூள் பூசினால், விரிசல் உள்ள இடத்தில் ஈரக் கோடு தெரியும். கிட்டத்தட்ட செலவில்லாத சோதனை. உள்ளே தண்ணீர் போகும் வழியில் இருக்கிற விரிசலுக்கு பிரஷர் டெஸ்ட் வேண்டும். வேறு எதற்கும் காசு போடும் முன் இதை முடிக்கணும்.

அடுத்தது வால்வு கைடு. கைடில் ஆட்டம் இருந்தால் வால்வு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்தில் உட்காரும். அதை மணிக்கணக்கில் அரைத்தும் பிரயோஜனமில்லை. சீட் வெட்டும் கட்டரே கைடைப் பிடித்துத்தான் சுற்றுகிறது. அதனால் கைடு முதலில், சீட் அப்புறம். வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியை சீட் வழியாகத்தான் கடத்துகிறது. சரியாக உட்காராத எக்ஸாஸ்ட் வால்வு சீக்கிரம் கருகிப்போகும். லேப்பிங் கடைசிப் பொருத்தம்தான், தேய்ந்த சீட்டுக்கு வைத்தியம் அல்ல. சீட்டைத் திரும்பத் திரும்ப வெட்டினால் வால்வு உள்ளே இறங்கி கம்ப்ரெஷன் குறையும். காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், புகை தள்ளும்.

ஃபேசிங்கில் நேர் எதிரான தப்பு. ஸ்ட்ரெய்ட் எட்ஜும் ஃபில்லர் கேஜும் வைத்துப் பார்க்காமலே, ‘எதுக்கும் ஒரு கட் எடுத்துடுவோம்’ என்பார்கள். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டீசலில் அளவுக்கு மேல் சீவினால் நாசில் முனை அதிகமாக வெளியே நீட்டும், வால்வு பிஸ்டனை நெருங்கும். தேவையில்லாத இந்த வேலைக்குக் கூலி வேறு.

‘சார், கஸ்டமர் அவ்வளவுதான் தர்றாரு’ என்பது நியாயமான பதில்தான். அப்படியென்றால் மிச்சம் பிடிக்க வேறு இடம் இருக்கு. 6 வால்வையும் மாற்ற வேண்டாம். தண்டு தேயாமல், தலை விளிம்பு மெலியாமல் இருப்பதை கிரைண்ட் செய்து திரும்பப் போடலாம். ஸ்பிரிங்கை ஒரு புதுசோடு உயரம் ஒப்பிட்டு, குறைந்ததை மட்டும் மாற்றலாம். சென்னை புதுப்பேட்டை மாதிரி பழைய பார்ட்ஸ் சந்தையில் ஹெட் வாங்குவதும் சரிதான். ஆனால் கழுவிப் பெயிண்ட் அடித்ததை விட, கரியோடு இருப்பதே மேல். ஆயில் இறங்கியதா, தண்ணீர் புகுந்ததா என்று கரி படிந்த விதத்தை வைத்து ஓரளவு ஊகிக்கலாம். கேஸ்கட்டில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

இன்னொன்று, ஹெட் ஏன் போச்சு என்று யாரும் கேட்பதில்லை. போர் தண்ணியின் உப்பு படிந்து ரேடியேட்டர் அடைத்திருந்தால், எவ்வளவு நல்ல ஹெட்டும் மறுபடி சூடாகும்.

ஹெட்டைத் திரும்ப வாங்கும்போது பில்லில் நாலு அளவை எழுதிக் கேளுங்கள்: மட்டம், கைடு ஆட்டம், வால்வு ஆழம், நாசில் நீட்டம். சர்வீஸ் மேனுவலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எழுதித் தர முடியாது என்றால், அளக்கவே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.