கிரனடாவின் குளிர்காலம்: ஒரு பயண வாசிப்பு

அந்தலூசியா பற்றி எம்மவர் எழுதும் பயணக் கட்டுரைகளுக்கென ஒரு வாய்பாடு உண்டு. அல்ஹம்றாவைக் காணுதல், கண்கலங்குதல், 'எப்படி இருந்த சமூகம்' எனப் பெருமூச்செறிதல். கடைசி மன்னர் அபூ அப்தில்லாஹ் மலைக்கணவாயில் நின்று அழுததும், தாயார் அவரைக் கடிந்துகொண்டதும் தவறாமல் இடம்பெறும். அது பிற்காலத்தில் எழுந்த கதை என்ற குறிப்பு மட்டும் இருக்காது. மனைவி, பிள்ளைகள் இருவருடன் டிசம்பர் இறுதியிலிருந்து ஜனவரி 3 வரை கிரனடாவில் தங்கியிருந்தபோது, நான் படித்த இத்தகைய கட்டுரைகளை அந்நகரோடு ஒப்பிட்டுப் பார்க்க வாய்த்தது. அதன் விளைவே இக்குறிப்பு.

இவ்வாய்பாட்டுக்கு இரண்டு ஊற்றுகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஒன்று, 1829இல் அல்ஹம்றாவிலேயே தங்கி, 1832இல் அதுபற்றிய நூலை வெளியிட்ட அமெரிக்கரான வாஷிங்டன் இர்விங். பாழடைந்த மாளிகை, நிலவொளி, மாயக்கதைகள் எல்லாம் அவர் வழி வந்தவை. மற்றது, 1933 ஜனவரியில் ஸ்பெயின் சென்ற அல்லாமா இக்பால். ஆனால் குர்துபாப் பள்ளிவாசல் பற்றிய இக்பாலின் கவிதை வெறும் ஒப்பாரியல்ல. அது காலத்தையும் கலையையும் விசாரித்து, வரப்போகும் யுகத்தை நோக்கி நகர்வது. எம்மவர் இக்பாலின் பெயரைச் சொல்லிக்கொண்டு இர்விங்கின் நிலவொளியில் எழுதுகிறார்கள்.

இக்கட்டுரைகளில் பனி ஓர் அலங்காரம் மட்டுமே. செந்நிறக் கோட்டை, அதன் பின்னால் சியரா நெவாடாவின் வெண்மை, அவ்வளவுதான். ஆனால் கிரனடா முஸ்லிம்களின் வாழ்வு திரும்பத் திரும்பக் குளிர்காலத்திலேயே முறிந்திருக்கிறது. 1492 ஜனவரி 2இல் நகரம் கையளிக்கப்பட்டது. சமயத்துக்கும் சொத்துக்கும் உத்தரவாதம் தந்த உடன்படிக்கை அதற்கு முந்திய நவம்பரில் எழுதப்பட்டிருந்தது. 1499 டிசம்பரில் கட்டாய மதமாற்றத்துக்கு எதிராக அல்பைசீன் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அதையே காரணங்காட்டி உடன்படிக்கை கைவிடப்பட்டது. 1567 ஜனவரியில் அரபு மொழிக்கும் உடைக்கும் தடை. 1568 நத்தார் இரவில் மீண்டும் கிளர்ச்சி. 1570 நவம்பரில், மதம் மாற்றப்பட்ட முஸ்லிம்களான மொரிஸ்கோக்கள் கிரனடாவிலிருந்து கஸ்தீலியாவுக்கு நடத்திச் செல்லப்பட்டபோது, குளிராலும் பசியாலும் நோயாலும் பலர் வழியிலேயே மாண்டனர். 1609 முதல் 1614 வரை ஸ்பெயின் முழுவதிலுமிருந்து சுமார் 3 இலட்சம் மொரிஸ்கோக்கள் வெளியேற்றப்பட்டனர்.

எமது கட்டுரைகள் 1492உடன் நின்றுவிடுகின்றன. மன்னர் போனதும் கதை முடிந்துவிடுகிறது.

அல்ஹம்றாச் சுவரில் திரும்பத் திரும்பச் செதுக்கப்பட்டிருக்கும் 'வலா காலிப இல்லல்லாஹ்' என்பதை மகன் எழுத்துக்கூட்டி வாசித்தான். "வாப்பா, இத எனக்கு ஓத ஏலும்!" என்றான். சற்றுப் பொறுத்து, "அப்ப இங்க இருந்த ஆக்கள் எல்லாம் எங்க போனாங்க?" என்று கேட்டான். அவன் கேட்டது மன்னரைப் பற்றியல்ல. இக்கேள்வியைக் கேட்ட ஒரு பயணக் கட்டுரையைத் தமிழில் நான் படித்ததில்லை. யூதர்களை ஸ்பெயினிலிருந்து வெளியேற்றும் ஆணையும் 1492 மார்ச் 31இல் இதே அல்ஹம்றாவில்தான் கையெழுத்தானது. எம்மவர் அதையும் எழுதுவதில்லை.

ஜனவரி 2 அங்கு இன்றும் விழாநாள். நகரசபை மாடியில் கொடி அசைக்கப்பட, கீழே சதுக்கத்தில் ஆதரவும் எதிர்ப்பும் ஒன்றாக முழங்கின. அன்று அல்ஹம்றாவின் வேலா கோபுர மணியை அடிக்கும் குமர்ப்பிள்ளைக்கு அவ்வருடமே கல்யாணம் கூடும் என்பது ஊர் நம்பிக்கை. வரிசையில் நிற்க ஆசைப்பட்ட மகளிடம், "உனக்கு இன்னும் காலம் கிடக்கு மகள்" என்று அவளது உம்மா சிரித்தார். தோல்வியின் நாள் இன்னொருவருக்குக் கொண்டாட்டமாகவும், ஊர்ப் பெண்களுக்கு விளையாட்டாகவும் இருக்கும் இந்தச் சிக்கலை எமது வாய்பாடு தாங்காது. கிரனடாவின் வீழ்ச்சி ஒரு பேரிழப்பு என 1936 ஜூனில் பகிரங்கமாகச் சொன்னவர் அம்மண்ணின் கவிஞர் லோர்கா. அவர் கத்தோலிக்கச் சூழலில் வளர்ந்தவர். 'நாம்', 'அவர்கள்' என்ற கோடு அங்கேயே கலைந்துவிடுகிறது.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, யாழ்ப்பாணத்தில் அதற்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். அவர்களுக்கு அரண்மனை இருக்கவில்லை. வீடும் கிணறும் பள்ளிவாசலுமே இருந்தன. அந்த அனுபவம் கொண்ட ஒரு சமூகத்தின் எழுத்தாளன் கிரனடாவுக்குப் போய் அரசனுக்காக மட்டும் அழுவது எனக்கு விளங்கவில்லை. 1570இன் பனியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்த தாய் அவனுக்கு நெருக்கமானவள் அல்லவா?

அல்பைசீனில் 2003இல் திறக்கப்பட்ட புதிய பள்ளிவாசலின் முற்றத்திலிருந்து பார்த்தால் அல்ஹம்றா எதிரே தெரிகிறது. அங்கே தொழ வருவோரில் ஸ்பானியரும் உள்ளனர். அடுத்த முறை கிரனடா பற்றி எழுதப்போகும் எம்மவர் ஒருவர் அவர்களில் ஒருவரோடேனும் பேசிவிட்டு எழுதட்டும்.