1701 என்னும் அரைகுறைப் பதில்

நாடி பிடித்துப் பார்த்த மருத்துவர், "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் நோயாளி என்ன செய்வான்? 1983-இல் வெளிவந்த ஐ.பி.எம். பீ.சி. எக்ஸ்.டி. கணிப்பொறி தன் உரிமையாளரிடம் ஏறக்குறைய அப்படித்தான் நடந்துகொண்டது. மின்சாரம் கொடுத்ததும் அது தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும். ஹார்டு டிஸ்க் பகுதியில் கோளாறு தென்பட்டால் திரையில் 1701 என்ற எண் தோன்றும். அவ்வளவுதான்.

அந்தப் பகுதி ஒரே பொருள் அன்று. 10 மெகாபைட் கொள்ளும் டிஸ்க். அதை ஆளும் கண்ட்ரோலர் அட்டை. இரண்டையும் இணைக்கும் பட்டைக் கேபிள்கள் இரண்டு (கட்டளைக்கு 34 கம்பி, தகவலுக்கு 20 கம்பி). மின்சாரம் ஊட்டும் பெட்டி வேறு. இவற்றுள் எது பழுதானாலும் அதே எண் வரக்கூடும்.

கண்ட்ரோலருக்கு விவரம் தெரியாதா? தெரியும் என்பதுதான் என் குறை. அதைச் செய்த நிறுவனம் ஸீபெக். (வெப்ப மின் விளைவில் நாம் படிக்கும் சீபெக்குக்கும் இதற்கும் உறவில்லை.) 'என்ன நேர்ந்தது?' என்று அந்த அட்டையைக் கேட்பதற்கென்றே ஒரு கட்டளை உண்டு. டிஸ்க் தயாராகவில்லை என்றால் 4, தொடக்கத் தடம் அகப்படவில்லை என்றால் 6 என்று அது பிரித்துச் சொல்லும். தொடக்கச் சோதனையோ இதைத் திரைக்குக் கொண்டுவருவதில்லை. அளவீட்டை எடுத்துவிட்டு ஏட்டில் 'தவறு' என்று மட்டும் எழுதும் மாணவனுக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை.

எண் ஊமையானதால் ஊகம் ஆட்சி செய்தது. 'அடிநிலை ஃபார்மட் செய்துவிடு' என்பது பலர் தந்த அறிவுரை. அது டிஸ்கில் உள்ள அனைத்தையும் அழித்துவிடும். கேபிளில் உள்ள பழுதையோ தீர்க்காது. கண்ட்ரோலரை மாற்றிப் பார்ப்பதும் ஏமாற்றலாம். தடங்களில் பிரிவுக் குறிகளை எழுதியது பழைய அட்டை. வேறு வகை அட்டைக்கு அவை புரியாமற் போகலாம். அப்போது நல்ல டிஸ்க்கும் செத்ததாகவே தோன்றும்.

கேபிளில் இன்னொரு பொறி இருக்கிறது. ஃபிளாப்பிக் கேபிளிலும் 34 கம்பிகளே. அதில் 10 முதல் 16 வரையுள்ள கம்பிகள் முறுக்கப்பட்டிருக்கும். முறுக்குள்ள ஹார்டு டிஸ்க் கேபிளிலோ 25 முதல் 29 வரை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலிருக்கும். மாற்றிச் செருகினால், 'உன்னைத்தான் அழைக்கிறேன்' என்னும் குறி டிஸ்குக்கு எட்டாது. அட்டையும் நலம், டிஸ்க்கும் நலம், திரையில் 1701!

ஆகவே முதலில் மின்சாரத்தை நிறுத்திக் கேபிள்களைச் சரிபார்க்க வேண்டும். பிறகு டிஸ்க் சுழலும் ஓசை வருகிறதா என்று கேட்க வேண்டும். குளிர்ந்திருக்கையில் 1701 காட்டிவிட்டு, சற்றுச் சுழன்றபின் மறுபடி தொடங்கினால் இயங்கும் டிஸ்க்குகளும் உண்டு. அப்படி இயங்கினால் அந்த நிமிடமே கோப்புகளைப் படியெடுத்துவிடுங்கள். ஃபார்மட் கடைசியில்தான்.

ஒன்றில் ஐ.பி.எம். பாராட்டுக்குரியது. அட்டையிலுள்ள நிரலை அது தன் தொழில்நுட்பக் கையேட்டில் வரிவரியாக அச்சிட்டுத் தந்தது. வெவ்வேறு சோதனைகளின் தோல்விகள் ஒரே இடத்துக்குத் தாவி, அந்த ஒரே எண்ணை அச்சிடுவதை அங்கே எவரும் கண்ணால் காணலாம்.