20 மீட்டர் தண்ணீரும் ஒரு ஊசி ஓட்டையும்

மழைக் கோட் விளம்பரத்தில் முதலில் கண்ணில் படுவது ஒரு எண்: 20,000 மி.மீ. துணியின் மேல் 20 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் வரும் அழுத்தத்தையும் அது தாங்கும் என்று பொருள். சோதனை நேர்மையானதுதான். ஆனா சோதிக்கப்படுவது இன்னும் தைக்காத துணி. வாங்குகிற நமக்கு அதை யாரும் சொல்றதில்லை.

இந்தப் பிரச்சினைக்கு வயசு 200. கிளாஸ்கோவின் சார்லஸ் மேக்கின்டாஷ், நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த நாப்தாவில் ரப்பரைக் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி ஒட்டும் முறைக்கு 1823-ல் காப்புரிமை வாங்கினார். துணிக்குள் நீர் புகவில்லை. தையல்காரர்கள் அதை வழக்கம்போல நெருக்கமாத் தைத்தார்கள். ஒவ்வொரு குத்தும் ஒரு ஓட்டை. கோட் ஒழுகியது, கெட்ட பேர் துணிக்கு வந்தது. கடைசியில் கம்பெனியே கோட் செய்யவும் இறங்கியது. அந்தப் பெயரில் இன்றும் வரும் ரப்பர் கோட்டுகளில் இணைப்புகளைப் பசை தடவி ஒட்டி, உள்பக்கம் டேப் போடுகிறார்கள்.

இன்றைய மூன்றடுக்குத் துணியிலும் (வெளித்துணி, நடுவில் சவ்வு, உள்ளே மெல்லிய பின்னல்) இதே கதைதான். ஊசி பட்ட இடம் மூடிக்கொள்ளாது. பருத்தியில் தப்பாத் தைத்தால் பிரித்துத் தைக்கலாம். இங்கே அண்டூ கிடையாது. வீட்டில் தைப்பவர்கள் முதலில் மலிவுத் துணியில் ஒரு மாதிரி தைத்துப் பார்ப்பதும், குண்டூசிக்குப் பதில் கிளிப் போடுவதும் இதனால்தான். பிறகு ஒவ்வொரு தையல் மேலும் உள்பக்கமாச் சூட்டில் ஒட்டும் டேப். நேர்த் தையலில் சுலபம். வளைவிலும், நாலு தையல் சந்திக்கிற அக்குளிலும் டேப் சுருங்கி மடியும். அந்த மடிப்பு போதும், தண்ணீர் வழி கண்டுபிடிச்சிடும்.

அப்படின்னா நல்ல வடிவமைப்பு என்பது மழை விழும் இடத்தில் தையலைக் குறைப்பது. மலையேறுபவர்களின் ஜாக்கெட்டுகள் பலவற்றில் தோள் உச்சியில் தையலே இருக்காது. முன்னும் பின்னும் இறக்கியிருப்பார்கள், பை வார் தையல் மேல் உட்காராது. நகரத்துக்கென்று வரும் 'டெக்னிகல்' கோட்டுகளில் பல, பிளேசர் மாதிரி தெரியணும் என்பதற்காக அதே தையலைத் தோள் உச்சிக்கே திரும்பக் கொண்டுவருகின்றன. அங்கேதான் லேப்டாப் பையின் வார் தினமும் உரசும். முதலில் வெளித்துணியின் நீர் ஒட்டாப் பூச்சு தேயும், துணி ஈரத்தைக் குடிக்கும். அதன் பிறகு உள்ளேயிருக்கும் வியர்வை ஆவி வெளியேற வழியில்லை. போட்டிருப்பவருக்குக் கோட் ஒழுகுகிற மாதிரியே இருக்கும். (வெளிக்காற்றே ஈரமா இருந்தால் புதுச் சவ்வும் அதிகம் உதவாது. சென்னை நவம்பரில் மழைக் கோட் போட்டவங்களுக்கு இதை விளக்க வேண்டாம்.)

மார்புப் பாக்கெட், பின்பக்கப் பிளவு, விரிந்த காலர் எல்லாம் அலுவலகத் தோற்றத்துக்குக் கொடுக்கும் விலை. பாக்கெட்டுக்காக மார்பில் துணியை அறுப்பது எனக்குச் சரியாப் படலை; பக்கத் தையலிலேயே வைத்து மேலே ஒரு மூடி போட்டால் போதும். ஒரே ஒரு கூடுதல் வேலைக்கு மட்டும் சம்மதிப்பேன்: அக்குளில் சாய்சதுரத் துண்டு. டேப் ஒட்டத் தொல்லைதான். ஆனா மழை நேரா விழாத இடம் அது. ரயிலில் மேல் கைப்பிடியைப் பிடிக்கும்போது கோட் மொத்தமும் இடுப்புக்கு மேலே ஏறாமலும் இருக்கும்.